மடியில் இருந்த பிளக்

மெசின் வாள் இயங்க மறுத்தால், முதலில் தாங்கியில் பெற்றோல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், இன்ஸ்பெக்டர் ஐயா. முக்கால்வாசிப் பேர் அதைப் பார்ப்பதில்லை. கயிற்றை இழுத்து இழுத்துத் தோளைக் கெடுத்துக்கொண்டு மெசினைத் திட்டுவார்கள். நான் அப்படியில்லை. எதையும் ஒழுங்காகப் பார்த்துத்தான் செய்வேன்.

பெற்றோல் இருந்தால் அடுத்தது பொறி. பிளக்கைக் கழற்றி, வயரோடு சேர்த்தே சிலிண்டர் மேல் சாய்த்து வைத்துக் கயிற்றை இழுத்தால், பிளக்கின் நுனியில் நீலமாக ஒரு பொறி வெட்ட வேண்டும். அன்று வெட்டவில்லை. அதில் நான் பொய் சொல்லவில்லை. காலையில் உண்மையாகவே பொறி இல்லை.

நீங்கள் கேட்டது ஜெமீலைப் பற்றி. வருகிறேன். மெசினைச் சொல்லாமல் ஜெமீலைச் சொல்ல முடியாது.

என் பெயர் கச்சிமுகம்மது, ஊர் சாய்ந்தமருது. கல்லோயா நீர்ப்பாசனத் திட்டத்துக்குக் காடு வெட்டத் தொடங்கியபோது, கொந்தராத்துக்காரர் அப்துல் கபூர் எங்களிடம் ஒரு மெசின் வாளைத் தந்தார். இரண்டு பேர் பிடிக்கிற வாள். எஞ்சின் பக்கம் நான். ஆள் நீளத்துக்கு அலகு. அதன் மறு நுனியில் இருக்கிற கைப்பிடியில் ஜெமீல். என் ஒரே மகள் றுகையாவின் மாப்பிள்ளை. கோடரி வேலைக்குச் செல்லத்தம்பி.

எங்கள் ஊரில் பெண்பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுத்துத்தான் கல்யாணம். மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவான். பெண் தன் வாசலை விட்டுப் போவதில்லை. றுகையாவின் உம்மா மௌத்தான பிறகு, அந்த வீட்டை நான் தனியாளாக நின்று கட்டி முடித்தேன். அதை மகளுக்குக் கொடுத்துவிட்டு, வளவின் மூலையில் ஒரு குடிசையில் இருந்தேன். அவள் கையால் சோறு வரும். எனக்கு வேறு எதுவும் தேவைப்படவில்லை.

ஜெமீலுக்குத் தேவைப்பட்டது. காடு வெட்டிய இடத்தில் வருகிற புதுக் குடியேற்றத்தில் காணி கேட்டிருந்தான், கிடைத்தும்விட்டது. காணியைத் திருத்திக் குடிலும் போட்டு, மாரிக்கு முன் றுகையாவைக் கூட்டிக்கொண்டு போய்விடுவதாக ஏற்பாடு.

அதை றுகையாதான் என் குடிசைக்கு வந்து சொன்னாள்.

“வாப்பா, நீங்களும் எங்களோட வாங்க. குடிலோட சேத்து ஒங்களுக்கு இருக்க ஒரு பத்தி எறக்கித் தாறன் எண்டு அவரு சொல்றாரு.”

“அப்ப இந்த வீடு?”

“வீடு எங்க ஓடப் போகுது? நெனச்சா வந்து பாப்பம்தானே.”

“யான வாற காட்டில என்ன மகள் செய்யப் போறீங்க?”

“யானைக்கும் சேத்து ஒல வைப்பன்,” என்று சிரித்தாள்.

அந்தச் சிரிப்பை நான் அறிவேன். புருஷனுக்காகச் சிரிக்கிற சிரிப்பு. அவளுக்குப் போக விருப்பமில்லை. அப்படி அவள் சொல்லவில்லைதான். ஆனால் பெற்றவனுக்குத் தெரியாதா?

இங்கே எங்கள் வேலையின் ஒரு கட்டுப்பாட்டைச் சொல்ல வேண்டும். வாளின் சங்கிலியில் ஈரப் பட்டையும் மரப்பாலும் அடைத்துக்கொள்ளும். விரலால் நோண்டித்தான் எடுக்க வேண்டும். யார் சங்கிலியில் கை வைக்கிறாரோ அவர், கழற்றிய பிளக்கைத் தன் சாரத்து மடியில் முடிந்துகொண்ட பிறகுதான் கை வைப்பார். பிளக் மடியில் இருக்கும்வரை மெசின் வெறும் கட்டை. றுகையா இதற்காக ஜெமீலிடம் சத்தியமே வாங்கியிருந்தாள். அவன் காட்டுக்குப் புறப்படும்போதெல்லாம் “மடி?” என்று கேட்பாள். “மடி, மடி” என்று அவன் இடுப்பைத் தட்டிக் காட்டுவான்.

அன்று பொறி இல்லை என்றதும் ஜெமீல் மெசினுக்கு முன்னால் கை கட்டி நின்றான்.

“மாமா, இது மௌத்தாப் பெய்த்து. ஜனாஸா எடுப்பமா?”

“குழி வெட்ட என்னக் கூப்பிடாதீங்க, எனக்கு இடுப்பு வலி,” என்றான் செல்லத்தம்பி. “கெதியாப் பாருங்க காக்கா. கபூர் முதலாளி வந்தா மெசினோட சேத்து நம்மளையும் அடக்கிப் போடுவார்.”

இருவரும் சிரித்தபடி தேத்தண்ணி வைக்கப் போனார்கள்.

நான் பார்த்தேன். பிளக் நல்லது. பொறியை உண்டாக்குகிற மக்னீற்றோவைத் திறந்து, உள்ளே இருக்கிற பொயின்றுகளைத் துடைத்தேன். அப்போதும் பொறி இல்லை. பிறகுதான் அணைக்கிற பொத்தானுக்குப் போகும் வயரைக் கண்டேன். அதன் உறை தேய்ந்து, உள்ளே இருந்த கம்பி எஞ்சினின் இரும்பில் முட்டிக்கொண்டிருந்தது. பொத்தானை யாரோ ஓயாமல் அமர்த்திக்கொண்டிருப்பதற்கு அது சமம். அந்த வயரைக் கழற்றி ஒதுக்கிவிட்டுக் கயிற்றை இழுத்தேன். நீலமாக வெட்டியது.

அந்தப் பொறியைக் கண்டபோதுதான் எனக்கு யோசனை வந்தது. இல்லை, அதை வெட்டிவிடுங்கள். பழைய பிளக் ஒன்று என் சட்டைப் பையில் இருந்தது. வீட்டிலிருந்து நான் கொண்டுவந்தது. ஆகவே யோசனை முன்பே வந்திருக்க வேண்டும். சரியாக எழுதிக்கொள்ளுங்கள்.

நல்ல பிளக்கை மெசினில் பூட்டி வயரைக் கொளுவினேன். எஞ்சின் பிடித்ததுமே சங்கிலி ஓடட்டும் என்று, வேகம் கூட்டுகிற பிடியை நூலால் இழுத்துக் கட்டினேன். பிறகு ஜெமீலைக் கூப்பிட்டேன்.

“பொறி இல்ல மருமகன். பொயின்றத்தான் பாக்கணும். அதுக்குள்ள நீங்க சங்கிலியத் துப்புரவாக்குங்க. இந்தாங்க பிளக்.”

பழைய பிளக்கை வாங்கிப் பார்க்காமலே மடியில் முடிந்துகொண்டு, வாளின் மறு நுனியில் குந்தினான்.

“நான் கயித்த இழுத்துப் பாப்பன். பயப்படாதீங்க.”

“இழுங்க மாமா. பிளக்கு என்ட மடியிலதானே கிடக்கு.”

நான் நினைத்தது இடது கையில் இரண்டு மூன்று விரல்கள். அதற்கு மேல் இல்லை. விரல் இல்லாதவனால் காடு திருத்த முடியாது. காணி வேறொருவனுக்குப் போய்விடும். அவன் என் மகளின் வீட்டிலேயே இருந்து, வாசலில் ஒரு சின்னக் கடை போட்டுப் பிழைத்திருக்கலாம். கடைக்கு வேண்டிய பலகைகளைக்கூட நான் பார்த்து வைத்திருந்தேன். நல்ல முதிரைப் பலகை.

கயிற்றை இழுத்தேன். முதல் இழுப்பிலேயே பிடித்தது.

சங்கிலி விரல்களோடு நிற்கவில்லை. சட்டைக் கையைக் கவ்வி, முழங்கைக்கு மேல்வரை இழுத்துவிட்டது. நான் உடனே அணைக்கிற பொத்தானை அமர்த்தினேன். அமர்த்திக்கொண்டே இருந்தேன். அதன் வயரைக் கழற்றியவன் நான்தான் என்பது நினைவுக்கு வரவில்லை. மறந்துவிட்டேன் என்றே எழுதுங்கள். செல்லத்தம்பி ஓடிவந்து சாக்கால் பிடித்துப் பிளக் வயரைப் பிடுங்கும்வரை, நான் பொத்தானைத்தான் அமர்த்திக்கொண்டிருந்தேன்.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன லொறியில் அவன் தலை என் மடியில் இருந்தது. “மடியில… முடிஞ்சன் மாமா,” என்றான். தன் மேல் பிழை இல்லை என்று என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தான். எனக்குத் தெரியும் என்று தலையைத் தடவினேன். சம்மாந்துறைக்கு வருமுன் முடிந்துவிட்டது.

மெசினில் பிளக் இருந்ததைச் செல்லத்தம்பி கண்டவன். ஆகவே ஜெமீல் அதைக் கழற்ற மறந்துவிட்டான் என்று ஊரெல்லாம் பேசினார்கள். நான் மறுத்துப் பேசவில்லை. இறந்தவனைப் பற்றி எதற்கு வாக்குவாதம்?

றுகையா இத்தாவில் உட்கார்ந்தாள். வெள்ளை உடுத்து, வாசல் தாண்டாமல் இருக்க வேண்டிய காலம். ஒளிக்காமல் சொல்கிறேன், எனக்கு மனம் ஆறியது. மகள் தன் வீட்டில் இருந்தாள். அவள் கையால் சோறு வந்தது. காணியைப் பற்றி யாரும் கதைக்கவில்லை.

நேற்று அவள், ஜெமீல் அன்று உடுத்திருந்த உடுப்பு மூட்டையைத் துவைக்க அவிழ்த்திருக்கிறாள். பகல் சோற்றைக் கொண்டுவந்து வைத்தாள். கோப்பைக்குப் பக்கத்தில் பிளக்கை வைத்தாள்.

“அவரு மறக்கல்ல வாப்பா. சாரத்து மடியில முடிஞ்ச முடிச்சு அப்பிடியே கிடக்கு.”

நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

“இது அவர்ர மடியில கிடந்தா, மெசினுக்குள்ள கிடந்தத யாரு வெச்ச?”

மெசினில் எஞ்சின் பக்கம் யார் நிற்பது என்று அவளுக்குத் தெரியும். பதிலுக்காக அவள் நிற்கவில்லை. வீட்டுச் சாவியைப் பிளக்குக்குப் பக்கத்தில் வைத்தாள். வெள்ளைச் சீலையோடு, இத்தா முடியாமலே, பட்டப்பகலில் வாசலைத் தாண்டி நடந்தாள். தெருவே பார்த்துக்கொண்டு நின்றது. நேரே உங்களிடம்தான் வந்திருக்கிறாள்.

அவள் சொன்னது அத்தனையும் உண்மை. பழைய பிளக்கைக் கொடுத்தவன் நான், கயிற்றை இழுத்தவன் நான். எங்கே ஒப்பமிட வேண்டும் என்று காட்டுங்கள், இடுகிறேன்.

அவள் இப்போது அட்டாளைச்சேனையில் ஜெமீலின் உம்மாவோடு இருப்பதாகக் கான்ஸ்டபிள் சொன்னார். இருக்கட்டும், கோபம் ஆற வேண்டும். உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். என் சாரத்து மடியில் ஒரு முடிச்சு இருக்கிறது. அதற்குள் வீட்டுச் சாவி. அதை மட்டும் எடுத்துவிடாதீர்கள். மகள் வந்து நிற்கும்போது நான்தான் திறந்துவிட வேண்டும். திரும்பி வருகிற எண்ணம் இல்லாதவள், சாவியை என்னிடம் தந்துவிட்டுப் போயிருப்பாளா?