டீசல்ல வந்த தண்ணி

இல்லண்ணே, வண்டி வராது. ஊருக்கே இருக்கிறது அந்த ஒரு பிக்கப்புதான், அது ஓடலன்னுதான உங்களை சாண்டோ தீவுல இருந்து பிளேன்ல வரவழைச்சிருக்கோம். நடைதான். ரெண்டு மணி நேரம். பெட்டிய இப்பிடிக் குடுங்க. குடுங்கண்ணே, மெக்கானிக்கையே சுமக்க விட்டுட்டு வந்தான்னு பொம்பளைங்க என்னைத்தான் கேலி பண்ணுவாங்க. உள்ள என்ன வச்சிருக்கீங்க, பன்னிக்குட்டியா, இந்தக் கனம் கனக்குது.

என் பேரு பூலே. ஆமா, டிரைவரே நான்தான்.

கொஞ்சம் எட்டி நடப்போமா. சாயங்காலம் கூட்டம் இருக்கு, அதான். ஊர்த் தலைவர் போன்ல சொல்லலையா? உங்களுக்கு இது ஒரு ரிப்பேரு. எங்களுக்கு அப்பிடி இல்ல. டீசல்ல தண்ணி ஊத்தினது காராயேங்கிறவருதான்னு ஊரே சொல்லுது. என் பொண்டாட்டிக்கு அண்ணன். மச்சான் பேரை வாயால சொல்றது எங்க பக்கம் மரியாதை இல்ல, உங்களுக்குப் புரியணுமேன்னு ஒரு தடவை சொல்லிட்டேன். நீங்க பாத்துட்டு, ஆமா, யாரோ ஊத்தின தண்ணிதான்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா, அவரு பொண்டாட்டி புள்ளைங்களோட ஊரை விட்டுக் கிளம்பணும். வளைஞ்ச தந்தம் வச்ச பன்னி ரெண்டு தண்டம் வேற. பன்னி கிடக்கட்டும். மூணு புள்ளைங்கண்ணே. கடைசிக் குட்டி என் தோள்லயேதான் வளந்துச்சு.

அந்தக் கல்லுல கால் வைக்காதீங்க, வழுக்கும்.

என்ன ஆச்சுன்னா, காவா வேர் ஏத்திட்டுப் போனேன், இடிச்சுப் பிழிஞ்சு குடிப்போமே அந்தப் போதை வேர். பச்சை வேர், முப்பது மூட்டை. ஊரே ஒரு வாரம் மலையில கிடந்து தோண்டினது. கீழ கப்பல் நிக்குது. மேட்டுல ஏறையில வண்டி இருமுச்சு. கெழவன் இருமுற மாதிரி ரெண்டு இருமல், அப்புறம் பேச்சே இல்ல. தண்ணி கலந்தா எரியிற மஞ்ச விளக்கா? எரிஞ்சுதுண்ணே. எங்க வண்டியில எப்பவுமே மூணு விளக்கு எரியும், இது நாலாவதுன்னு விட்டுட்டேன். சிரிக்காதீங்க. கப்பல் போயிடுச்சு. மூட்டை அத்தனையும் அழுகிப் போச்சு. ஊரு கோவப்படுமா படாதா?

ஏன் அவரு மேலன்னா, முன்ன அவருதான் டிரைவர். ஊர்க் கமிட்டி அவருகிட்ட இருந்து சாவிய வாங்கி எனக்குக் குடுத்துச்சு. அந்தக் கோவத்துல ஒரு நாள் காவா கொட்டகையில உக்காந்து, பூலே கையில அந்த வண்டி வருசம் தாண்டாதுன்னு சொல்லிட்டாரு. காவா குடிச்ச வாய், என்னத்தையோ சொல்லும். இப்ப அதைத்தான் பிடிச்சுக்கிட்டாங்க. வண்டி முந்தின நாள் அவரு வீட்டுக்கிட்டதான் நின்னுச்சு, அவரு வீட்டோரமா மழைத்தண்ணித் தொட்டி இருக்கு. வேற என்ன வேணும்னு கேக்குறாங்க.

என் பொண்டாட்டியா? ரோசினா அவ அண்ணன் வீட்டுக்குப் போயிட்டா. அண்ணன் போனா நானும் போறேன்னுட்டா. நாலு நாளா நானே கிழங்கு சுட்டுத் திங்கிறேன். வேகவே மாட்டேங்குது.

ம்? டீசல் எப்பிடி வருதா? கப்பல்லதான். இங்க கப்பல் வந்து அணையத் துறை கிடையாதுல்ல. டிரம்மை அப்பிடியே கடல்ல உருட்டி விட்டுருவாங்க, டீசல் லேசுதானே, மிதக்கும். நாங்க நீஞ்சிப் போய்த் தள்ளிட்டு வருவோம். எங்க அப்பன் காலத்துல இருந்து இப்பிடித்தான். ஒரு தடவைகூட தண்ணி ஏறினது இல்ல. மூடி இறுக்கமா இருந்தா எப்பிடி ஏறும்.

நீங்க அந்த மாதிரி பாக்காதீங்கண்ணே. கடல் தண்ணி இல்லைங்கிறது நிச்சயமா தெரிஞ்சுபோச்சு. வண்டி நின்ன இடத்துலயே ஃபில்டர் அடியில இருக்கிற திருகைத் திறந்து பாட்டில்ல பிடிச்சேன். பாதிக்கு மேல தண்ணி. அந்த பாட்டிலைத் தலைவர் வீட்டுல குடுத்தேன். அவரு விரல்ல தொட்டு நாக்குல வச்சாரு. உப்பு இல்ல. அப்புறம் மத்தவங்க ஒவ்வொருத்தரா தொட்டு வச்சாங்க, துப்பினாங்க, உப்பு இல்லன்னாங்க. அந்த வாரம் ஒரு தூத்தல்கூட இல்ல, டிரம்மு கூரைக்குக் கீழ இருந்துச்சு. அப்ப நல்ல தண்ணி தானா நடந்தா வந்துச்சு, ஊத்தினாத்தான் வரும், அப்பிடின்னு முடிஞ்சுபோச்சு.

டிரம்மையா? அதைக் கழுவிக் கவுத்தாச்சு. நான்தான். சும்மா கிடந்துச்சு, கழுவினேன்.

வெயில் எங்க நிக்குது பாருங்க. கொஞ்சம் வேகமாப் போலாம். இல்ல, இருங்க. நிக்கலாம். தண்ணி குடிங்க. இந்த ஓடை தாண்டினா ஊரு, அங்க போயிட்டா உங்களைத் தனியா விட மாட்டாங்க.

ஒண்ணு கேக்குறேன். டிரம்முல வந்ததும் ஒரு ராத்திரி நிக்க வைக்கணும், தண்ணி அடியில தங்கிடும், பம்புக் குழாயை அடிவரைக்கும் விடக்கூடாதுன்னு உங்க ஆளுங்க சொல்வாங்கல்ல. மச்சானும் அதைத்தான் சொன்னாரு, அன்னைக்கே, நான் டேங்குல ஊத்தையில, வாசல்ல நின்னுக்கிட்டு. கப்பல் நாளைக்குப் போயிரும், உங்க வேலையப் பாருங்கன்னேன். பேசக் கூடாத வார்த்தை. அவரு உள்ள போயிட்டாரு. கூட்டத்துலயும் இதை வெளிய எடுக்கல. சொல்லியிருக்கலாம். நானா இருந்தா சொல்லியிருப்பேன்.

போன வருசம் டீசல்னு சொல்லி மண்ணெண்ணெய் இறக்கிட்டாங்கண்ணே. அதனால இந்தத் தடவை கப்பல்லயே மூடியத் திறந்து மோந்து பாத்தேன். அது தப்பா? மூடி முடுக்குற சாவி கரையில கிடந்துச்சு. அலை தூக்குது, கப்பல்காரன் சீக்கிரம்னு கத்துறான். கையால முடிஞ்சவரை முடுக்கி உருட்டி விட்டேன். அலை வாய்ல டிரம்மு நாலு புரட்டு புரண்டுச்சு.

ஆமா.

பாட்டில்ல பிடிச்சதை மேட்டுலயே நாக்குல வச்சுப் பாத்துட்டேன். வாயெல்லாம் உப்பு. தலைவர்கிட்ட குடுக்கப் போற வழியில என் வீட்டுக் குழாய்ல பாட்டிலைக் கழுவி, அந்த நல்ல தண்ணியையே பிடிச்சு, மேல கொஞ்சம் டீசல் விட்டேன். மழைத்தண்ணி இறங்கிடுச்சுன்னு சொல்லிட்டா யாரைத் திட்டுவாங்க, வானத்தையா திட்டுவாங்கன்னு நினைச்சேன். அந்த வாரம் மழை இல்லைங்கிறதும், அவரு தொட்டியும் எனக்கு ஞாபகத்துக்கே வரல. சத்தியமா வரல. அப்புறம் ஆளாளுக்கு அவரைப் பாத்தாங்க, நானும் பாத்தேன்.

அந்த பாட்டிலைத்தான் உங்ககிட்ட நீட்டுவாங்க. அதை வாங்காதீங்க. நேரா வண்டிக்கு அடியில படுத்து டேங்க் அடியில இருக்கிற திருகைத் திறங்க, தலைவர் பக்கத்துல இருக்கையிலயே. அதுல இன்னும் உப்புத் தண்ணி இருக்கு. யாரு மூடிய முடுக்கினதுன்னு கேட்டா நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம், நான் சொல்லிக்கிறேன். நீங்க முதல்ல திறந்துருங்கண்ணே. அவங்க நாக்குல உப்பு பட்டாத்தான் எனக்கு வாய் வரும்.