தட்டும் தோட்டாவும்

அந்தத் தட்ட அப்டியே டீப்பாய் மேல வைங்கண்ணே. கோச்சுக்காதீங்க. கையில வாங்கிட்டேன்னா ஒத்துக்கினா மாதிரி ஆயிடும், அதான். சம்பந்தின்னு இப்பவே கூப்புடாதீங்க சண்முகண்ணே, உக்காருங்க மொதல்ல. திருவான்மியூர்லேர்ந்து இந்த வெய்யில்ல கே.கே. நகருக்கு பஸ் மாறி மாறி வந்துகீறீங்க. பாஞ்சாலி, அண்ணனுக்கு மோரு குடுத்துட்டு நீ உள்ள போ.

சேச்சே, உங்க நிஷாவுக்கு இன்னா கொறச்சல்? தங்கமான பொண்ணு. சீரு செனத்தி பேச்சும் இல்ல. இது வேற. எப்டி ஆரம்பிக்கறதுன்னே தெரில. பட்டாளத்துல நான் துப்பாக்கி ரிப்பேர் பாத்தவன், உங்களுக்குத் தெரியும். எனக்கு அந்த பாஷதான் வரும்.

நல்ல காரியத்துக்கு வந்த எடத்துல தோட்டாப் பேச்சு எதுக்கா? இல்லண்ணே, கேட்டுட்டு எழுந்திருங்க. கேட்டே ஆவணும்.

எங்க காலத்துல எல்லார் துப்பாக்கியிலயும் பெரிய தோட்டாதான். மில்லிமீட்டர் கணக்குல ஏழு அறுவத்திரெண்டும்பாங்க. தோட்டா, புள்ளைங்க எழுதற பென்சில் தடிமன் இருக்கும். கனம் ஜாஸ்தி. அதனால தூரம் போனாலும் வேகம் சட்டுனு கொறையாது, காத்துக்கும் அவ்ளோவா அசையாது. மரம் கிரம் குறுக்க வந்தாலும் தொளச்சிக்கினு போய்க்கினே இருக்கும். சுடறவன் தோள்ல ஒதைக்கும் பாருங்க, எரும முட்டினாப்ல! இப்பப் புதுசா வந்துகீதே அஞ்சு அம்பத்தாறு, அது பென்சில விட ஒல்லி. எடையில பாதிகூட வராது. ஆனா கெளம்பறப்போ பெருசையே முந்திக்கினு போவும். ஒதையும் அவ்ளோ கெடையாது. ரொம்ப தூரம் போனாதான் களைச்சுடும். ஒடம்புல பட்டா நேராப் போவாது, உள்ள பொரளும். சில சமயம் உள்ளயே தங்கிடும்.

எது ஒசத்தின்னு எங்க ஆளுங்க டீக்கடையில சண்டையே போடுவாங்க. எனக்கு அந்தச் சண்ட வேணாம். மொனை நசுங்கிப் போயிருந்தாலும் சரி, அடிப்பக்கத்த வெரலால தடவினா எது பெருசு எது சின்னதுன்னு கண்ண மூடிக்கினு சொல்வேன். அத மட்டும் மனசுல வெச்சுக்குங்க.

வரேன், வரேன். விஷயத்துக்குத்தான் வரேன்.

நம்ம புள்ளைங்க சண்டைக்குப் போன அந்த மலையில எதிராளிங்க கையில இருந்தது பூரா பெருசு. உங்க புள்ள கொணாளனும் எம்புள்ளயும் ஒண்ணா இருந்த பத்து பேரு செக்ஷன்லயும் பெருசுதான். புதுசு ரெண்டே ரெண்டுதான் வந்துச்சு. ஒண்ணு உங்க கொணாவுக்கு, ஒண்ணு எம்புள்ள மதிக்கு. எஸ்டிடி பூத்துலேர்ந்து கொணா போன் பண்ணி, எங்க ரெண்டு பேருக்குதாம்ப்பா குடுத்தாங்கன்னு பெருமையா சொன்னான்னு நீங்கதானே சொன்னீங்க?

மதி உங்க ஊட்டுக்கு எத்தினி தபா வந்துகீறான்? லீவுல வந்தா சொந்தப் புள்ள மாதிரி கேஸ் சிலிண்டர் தூக்கறான், அண்ணிய ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போறான். என்னிக்காவது உங்க பூஜ ரூமு வாசப்படி தாண்டிகீறானா? யோசிச்சுப் பாருங்க. கொணா படத்துக்கு ஒரு பூகூட அவன் வெச்சதில்ல. கூச்சம்னு அண்ணி சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன்.

போன வெள்ளிக்கெழம தெவசத்துக்கு வந்தேனில்ல? அண்ணி என்னிய உள்ள கூப்ட்டாங்க. கொணா ஒடம்புலேர்ந்து ஆஸ்பத்திரியில எடுத்து, அவன் சாமான் பொட்டியில போட்டு அனுப்பின தோட்டா. படத்துக்கு முன்னால வெள்ளிக் கிண்ணத்துல மஞ்ச குங்குமம் பூசி வெச்சுகீறீங்க. எதிரி தோட்டாண்ணே, எம்புள்ள உசிரக் குடிச்சது, பாருங்கன்னு என் கையில எடுத்துக் குடுத்தாங்க. அடிப்பக்கத்தத் தடவினேன், குங்குமம் வெரல்ல ஒட்டிக்கிச்சு. அன்னிலேர்ந்து எனக்குச் சோறு எறங்கல.

எழுந்திருக்காதீங்கண்ணே, மோரு தட்டிக்கிச்சு பாருங்க. கொட்டினா கொட்டட்டும்.

வாயை மூடிக்கினு கல்யாணத்த முடிச்சிருக்கலாம். ஆனா அந்தக் கிண்ணத்த தெனம் தொட்டுக் கும்புடற பொண்ண எப்டிண்ணே நான் மருமவளா இட்டாருவேன்?

ஆமாண்ணே. அது சின்னது.

மதி வேணும்னு செஞ்சிருக்க மாட்டான், பனியில யாரு எங்க நிக்கறான்னு தெரிஞ்சிருக்காது. அதுகூட நானாச் சொல்றதுதான். அவன் இன்னும் வாயத் தொறக்கல.

உள்ளதான் கீறான், நீங்க வந்ததுலேர்ந்து கதவுக்குப் பின்னால. கூப்புடட்டுமா, இல்ல தட்ட எடுத்துக்கினு கெளம்பறீங்களா?