மூன்றாவது நாய்க்குட்டி

மோமோவுக்கு வெள்ளரிக்காய் என்றால் உயிர். குசினியில் நான் கத்தியை எடுக்கும் சத்தத்திலேயே கண்டுபிடித்து வந்து, வாலால் நிலத்தை அடித்துக்கொண்டு குந்தியிருக்கும். நான் ஒருநாளும் அதை ஏமாற்றியதில்லை, நுனித்துண்டு அதற்குத்தான். நாய்களைப் பிடிக்காதவன் என்று நீ என்னைப் பற்றி முடிவெடுத்துவிடக் கூடாது என்பதற்காகவே இதை முதலில் எழுதுகிறேன், கம்சனா. நடந்ததை ஒன்றும் விடாமல் எழுதித் தரச் சொன்னாய். மகள் கேட்டால் தகப்பன் மறுக்க முடியுமா?

நீ எசன் நகரத்துக்கு வேலைக்குப் போன வருடம்தான் உன் அம்மா முதல் குட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். பார்வையற்றவர்களுக்கு வழிகாட்டும் நாய்களைப் பழக்குகிற ஒரு பள்ளிக்கூடத்தின் குட்டி அது. எட்டு வாரக் குட்டியைத் தருவார்கள். நாங்கள் ஒரு வருடத்துக்கு மேல் வீட்டில் வைத்து வளர்த்து, பஸ், சந்தை, படிக்கட்டு எல்லாம் பழக்கிக் கொடுக்க வேண்டும். பிறகு அவர்கள் கொண்டுபோய் முழுப் பயிற்சி கொடுத்து, தேவையான ஒருவரிடம் சேர்ப்பார்கள். முதலாவது பிரேமன் நகரத்துக்குப் போனது. இரண்டாவது காசலுக்கு. ஒவ்வொரு தடவையும் அம்மா மூன்று நாள் அழுதாள், நாலாம் நாள் அடுத்த குட்டி எப்போது என்று கேட்டாள்.

மூன்றாவதாக மோமோ வந்தபோது அவளுடைய கண் பழுதாகத் தொடங்கி நாலு வருடம். பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கி வரும் நோய் என்பது உனக்குத் தெரியும். நேரே இருப்பது தெரியும், பக்கத்தில் இருப்பது தெரியாது. குழாய்க்குள்ளால் பார்ப்பதுபோல. முதியோர் இல்லச் சமையல் வேலையை விட்டாள். தெருவில் நடக்கும்போது என் கையைப் பிடித்துக்கொள்ளத் தொடங்கினாள்.

இதை நீ சின்ன விசயம் என்று நினைக்கலாம். முப்பத்தொரு வருடக் கலியாணத்தில் உன் அம்மா வெளியில் என் கையைப் பிடித்ததில்லை. கோயில் தேருக்குப் போனாலும் அவள் சிநேகிதிகளோடு முன்னால் போவாள், நான் செருப்புப் பையோடு பின்னால் போவேன். இப்போது கடிதங்களை நான் வாசித்துச் சொன்னேன். சேலை நிறத்தை நான் சொன்னேன். ஒருநாள் வாழைக்காய் வாங்கிக்கொண்டு வரும் வழியில், “நீங்கள் இல்லாட்டி எனக்கு ஏலாது” என்றாள். அறுபத்து மூன்று வயதில் ஒரு மனிதன் முதல்முறையாக இப்படி ஒரு வசனத்தைக் கேட்கிறான்.

மோமோவுக்கு ஏழு மாதமானபோது, மாதாமாதம் வந்து பார்க்கும் பயிற்சியாளர் ஜெசிக்கா எங்கள் மேசையில் இருந்து தேநீர் குடித்துக்கொண்டே அந்தக் கதையை எடுத்தாள். இந்தக் குட்டி தேறிவிட்டால் அதை உன் அம்மா நேசமலருக்கே கொடுக்கலாம், மருத்துவக் காப்புறுதிக்கான அன்ட்ராக்கை, அதுதான் விண்ணப்பத்தை, நிரப்பத் தானே உதவுவேன் என்றாள்.

அம்மா கோப்பையைக் கீழே வைத்தாள். ஜெர்மனில் பேசிக்கொண்டிருந்தவள் தமிழுக்கு மாறி என்னிடம் கேட்டாள்.

“அப்ப நான் கம்சனாவைப் பாக்கத் தனியப் போகலாமே?”

“ஓம், போகலாம்” என்றேன். தனிய என்ற அந்தச் சொல்லை அவள் எவ்வளவு சந்தோசமாகச் சொன்னாள் என்பதைக் கவனித்தேன்.

குட்டிகளை வளர்ப்பவர்களுக்கு ஒரு சிறு புத்தகம் தருவார்கள். எவையெல்லாம் ஒரு நாயைக் கெடுக்கும் என்று அதில் தெளிவாக இருக்கிறது. நான் முதலில் மேசைக்குக் கீழே சாப்பாடு கொடுத்துப் பார்த்தேன். ஒரு கிழமையில் அம்மா அந்தப் பழக்கத்தை மறக்கடித்துவிட்டாள். அவளுடைய பொறுமை உனக்குத் தெரியும்.

ஆகவே ரயிலைத் தெரிவு செய்தேன். வுப்பர்டாலில் வளர்ந்த உனக்கு அதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆற்றுக்கு மேலே தொங்கிக்கொண்டு ஓடுவது, ஏறும்போது பெட்டி கொஞ்சம் ஆடும். எந்தக் குட்டியும் முதலில் தயங்கும். மோமோ முன்னங்காலைப் பெட்டிக்குள் வைக்கும் நேரத்தில், பின்னங்கால் பாதத்தில் என் சப்பாத்தை வைத்தேன். பாரமாக அல்ல. இரண்டு விநாடி, சில நாட்களில் மூன்று. அம்மாவின் வலப்பக்கத்தில், அவளிடமிருந்து ஒரு முழத்துக்குள் நின்றுதான் செய்தேன். கண் வைத்தியரின் திரையில் அவளுடைய பார்வையின் படத்தை வைத்தியரிடம் போகும் ஒவ்வொரு டெர்மினிலும் நானும் பார்த்திருக்கிறேன். அது எங்கே முடிகிறது என்று எனக்குத் தெரியும்.

ஒருமுறை அது கத்திவிட்டது.

“என்ன, என்ன நடந்தது?”

“கதவு பட்டிட்டுது போல” என்றேன். அவள் குனிந்து காலைத் தடவிப் பார்த்தாள். நானும் தடவினேன்.

ஐந்து கிழமையில் மோமோ ரயில் வரும் சத்தத்துக்கே நடுங்கத் தொடங்கியது. அத்தோடு முடியும் என்று நினைத்தேன். ஆனால் உன் அம்மா மாசிமாதக் குளிரில் ஒவ்வொரு காலையும் மேடை வாங்கில் அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ரயில் வரும்போது ஈரல் பசையை விரலில் தொட்டுக் கொடுப்பாள். “அவசரமில்லை ராசா, அடுத்ததிலை போவம்” என்பாள். ஒருநாள் பதினான்கு ரயில்களைப் போகவிட்டாள். அவள் மடியருகே இருந்ததால் என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. வீட்டுக்கு வந்ததும் மோமோ வழக்கம்போல என் சப்பாத்தை நக்கும். அது என்மேல் கோபம் வைக்கவில்லை என்பதை நீ குறித்துக்கொள்ள வேண்டும்.

ஒரு வியாழக்கிழமை அது தானாக ஏறியது. அம்மா முன்பின் தெரியாத ஒரு ஜெர்மன் கிழவியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சிரித்தாள். வீட்டுக்கு வரும்போது, “இனி நீங்கள் ஆறுதலா இருக்கலாம். எவ்வளவு நாளைக்கு என்னோடை இழுபடுறது” என்றாள். அன்பாகத்தான் சொன்னாள். நான் அன்று சாப்பிடவில்லை.

மோமோவை முழுப் பயிற்சிக்கு எடுக்கலாமா என்று பார்க்கும் ஜெசிக்காவின் இறுதிச் சோதனை செவ்வாய்க்கிழமை. அதற்கு முந்தைய சனிக்கிழமை, பழக்கமில்லாத ஒரு நிலையத்தில் மோமோ எப்படி நடக்கிறது என்று பார்க்க அம்மா ஆசைப்பட்டாள். நான்தான் நிலையத்தைச் சொன்னேன். ரயிலால் இறங்கியதும் அவள் என் கையை விட்டாள்.

“பின்னாலை வாங்கோ. நான் இதோடை போய்ப் பாக்கிறன்.”

பிறகு நடந்ததாக அம்புலன்ஸ்காரரிடமும் ஜெசிக்காவிடமும் ஆஸ்பத்திரி நடையில் உன்னிடமும் ஒன்றையே சொன்னேன். நாய் திடீரென்று இழுத்துவிட்டது, நேசமலர் படியால் விழுந்தாள். எல்லோரும் நம்பினார்கள். மோமோ ரயிலுக்குப் பயந்தது ஜெசிக்காவின் குறிப்புகளில் ஏற்கெனவே இருந்தது. அவள் அழுதுகொண்டே அதைக் கொண்டுபோனாள். இப்போது அது ஒரு தோட்டவீட்டில் வளர்கிறது, வேலைக்கு உதவாத நாய் என்று எழுதிவிட்டார்கள். அன்ட்ராக்கைத் திருப்பி எடுக்கும் கடிதத்தை நான் எழுதினேன். அம்மா கையெழுத்து வைத்தாள். இடுப்பில் இரண்டு சத்திரசிகிச்சை முடிந்து கட்டில் முன்னறைக்கு வந்துவிட்டது. வெளியே போவதைப் பற்றி அவள் இப்போது கதைப்பதில்லை. நான்தான் குளிப்பாட்டுகிறேன், நான்தான் தலை வாரி இழுத்து விடுகிறேன். தாதி வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

போன ஞாயிறு நீ அவளோடு தனியே இருந்தாய். அறையைவிட்டு வந்து குசினிக் கதவில் நின்று கேட்டாய்.

“அப்பா, மோமோ இழுக்கேல்லை எண்டு அம்மா சொல்லுறா. அது நிண்டதாம். நீங்கள் என்ன சொன்னனீங்கள்?”

ஓம், அது நின்றது. படியின் விளிம்பில், பழக்கியபடியே, அவளுடைய முழங்காலுக்குக் குறுக்கே உடம்பை வைத்துக்கொண்டு நின்றது. அவளும் நின்றாள். முகத்தை என் பக்கம் திருப்பினாள்.

“இஞ்சாருங்கோ, படியே?”

கீழே பதினொரு படிகள் இருந்தன.

“இல்லை, சமன்தான். நாய் சும்மா நிக்குது. நடவும்” என்றேன்.

மோமோ அசையவில்லை. அவள் அதைச் சுற்றிக்கொண்டு காலை வைத்தாள். ஒரு கணம்கூடத் தயங்கவில்லை, கம்சனா. நாயா நானா என்று வந்தபோது அவள் யோசிக்கவே இல்லை. உன் அம்மாவுக்கு என்மேல் எவ்வளவு நம்பிக்கை இருந்தது என்று நீயும் அறிய வேண்டும்.