காற்று அணைத்த அகல்

அனந்தலக்ஷ்மி: சிரிக்காதேங்கோ அத்தான். நாளைக்கு ட்ரெயினிங் காலேஜிலே இந்தக் கவிதையை நான் பாடம் நடத்திக் காட்டணும்.

சேஷன்: இதையா? ஆறு வருஷத்துக்கு முந்தின காலேஜ் மேகஸின்... எங்கேருந்து தோண்டி எடுத்தே?

அனந்தலக்ஷ்மி: என் பெட்டியிலே இருந்தது. தலைப்பு ‘முதல் காதல்’. எழுதினது ‘ஒரு மாணவன்’.

சேஷன்: பாவம். பரீட்சைக்குப் படிக்காத பையன்.

அனந்தலக்ஷ்மி: நீங்கதானே தமிழ்லே முதல் பிரைஸ்? இப்போ ஹஜூர் கச்சேரியிலே சர்க்கார் குமாஸ்தாவா ஃபைல் கட்டினாலும் அர்த்தம் சொல்ல வராதோ? “லட்சம் சுடரும் எனக்கு இருட்டு, அவள் கைச் சுடர் ஒன்றே பகல்.”

சேஷன்: சுடர்னா ஞானம். இருட்டுன்னா அஞ்ஞானம். பிரின்ஸிபால் கேட்டா பக்திப் பாட்டுன்னு சொல்லிடு.

அனந்தலக்ஷ்மி: கோயில் லட்சதீபத்தைன்னா சொல்றான்! நான் பி.ஏ. சேர்ந்த வருஷம். நம்ம ஸ்ரீவராகம் தெருவிலேயும் வாசலுக்கு வாசல் அகல் வெச்சோமே...

சேஷன்: ஞாபகமில்லை.

அனந்தலக்ஷ்மி: புது வேஷ்டியிலே எண்ணெயைக் கொட்டிண்டு முழிச்சேளே, அது?

சேஷன்: எண்ணெய்ங்கறது வாழ்க்கையின் களங்கத்துக்கு...

அனந்தலக்ஷ்மி: மதி, மதி, போதும்! எண்ணெய் கவிதையிலே இல்லை, உங்க வேஷ்டியிலே இருந்தது. ஆட்டே, அது போகட்டும்... அப்பா குடுத்த கடுதாசியைப் போட்டாச்சோ?

சேஷன்: எந்தக் கடுதாசி?

அனந்தலக்ஷ்மி: தஞ்சாவூர் வரனுக்குச் சம்மதம்னு எழுதினது. செவ்வாய்க்கிழமை உங்க கையிலே குடுத்தார்.

சேஷன்: நம்ம சமஸ்தான அஞ்சல்லே தஞ்சாவூருக்கு எடுக்கமாட்டா. பிரிட்டிஷ் தபாலாபீஸுக்குப் போகணும்.

அனந்தலக்ஷ்மி: அது அரை மைல். இன்னிக்கு வெள்ளிக்கிழமை.

சேஷன்: சாலைக் கடைத்தெருவிலே ஒரே கூட்டம்.

அனந்தலக்ஷ்மி: மூணு நாளாவா?

சேஷன்: ...அடுத்த வரியைப் படி.

அனந்தலக்ஷ்மி: “காற்று வந்து அதை அணைத்தது, என் சுடர் குனிந்து ஏற்றிற்று.” காத்து எதுக்குக் குறியீடு?

சேஷன்: விதிக்கு. அந்தக் காத்து மாத்திரம் அடிக்கலைன்னா அவன் அவ பக்கத்திலேயே போயிருக்கமாட்டான். பயந்தாங்கொள்ளி.

அனந்தலக்ஷ்மி: இப்பவுமா?

சேஷன்: இப்பவும்தான். இந்த மகர மாசத்திலே, ஆறு வருஷம் கழிச்சு மறுபடியும் லட்சதீபம் வரது. நீ தஞ்சாவூர்லே இருப்பே. அங்கே காத்து எப்படியோ...

அனந்தலக்ஷ்மி: கடுதாசி எங்கே?

சேஷன்: சட்டைப் பையிலே. கொஞ்சம்... கசங்கிடுத்து.

அனந்தலக்ஷ்மி: இங்கே குடுங்கோ. அப்பாகிட்டே நானே பேசிக்கறேன். அப்புறம் அத்தான், உங்க கவிதையிலே ஒரு தப்பு இருக்கு.

சேஷன்: என் கவிதையா? நான் எப்போ...

அனந்தலக்ஷ்மி: அன்னிக்கு ஒரு இலைகூட அசையலை. விளக்கை ஊதி அணைச்சது நானாக்கும்.