கையைக் கீழே வைக்கச் சொன்னவர்

அனைவருக்கும் ஒரு மிக முக்கியமான அறிவிப்பு. இந்த ஒலிவாங்கிக் கம்பம் இதற்கு மேல் உயராது. நம் சங்க உறுப்பினர்கள் அதைச் சூழ்ந்து நின்று, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து, இதைத் தூக்கக்கூடிய தோள் இந்த மண்டபத்தில் எவருக்கும் இல்லை என்று ஒருமனதாகத் தீர்மானித்துவிட்டார்கள். ஆகவே நான் குனிந்துகொண்டே பேசுவேன். அதைப் பணிவு என்று யாரும் தவறாக எண்ணிவிட வேண்டாம்.

மேடையில் வீற்றிருக்கும் முன்னாள் படைவீரர் சங்கத் தலைவர் டிரைவர் ஐயா அவர்களே! செயலாளர் நர்ஸ் அக்கா அவர்களே! அழைப்பை மதித்து வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மருத்துவக் குழு டாக்டர் ஐயா அவர்களே! டாக்டரைக் கண்ட நிமிடம் முதல் கையைத் தொடையோடு ஒட்டிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அன்பு உள்ளங்களே! என் அத்தையே! வணக்கம்.

மறைந்த பீரங்கி ஐயா எனக்குத் தாய்மாமா. உங்களுக்கு யார்? படையில் பீரங்கிக்குக் குண்டு தூக்கிக் கொடுத்தவர். தூக்கித் தூக்கியே வலது தோள் தேய்ந்து வீடு திரும்பியவர். வாசல் பேனரில் ‘எல்லோருக்கும் தோள் கொடுத்தவர்’ என்று போட்டிருக்கிறீர்கள். உண்மைதான். நாட்டுக்கே கொடுத்தார். வாங்கிக்கொண்டவர்கள்தான், “அப்படியொரு தோளை நாங்கள் பார்க்கவே இல்லையே” என்றார்கள்!

இயலாமை உதவித்தொகை கேட்டார். “தோள் போனது பணியிலா, வயதிலா?” என்றது மருத்துவக் குழு. பணியில் என்றார். “அப்படியானால் அன்றைக்கே ஏன் சொல்லவில்லை?” சொல்லியிருந்தால் என்ன எழுதியிருப்பார்கள்? ‘வேலைக்குப் பயந்து நடிக்கிறான்’ என்று எழுதியிருக்க மாட்டார்களா? அன்றைக்கு வலி என்றால் நடிப்பு. இன்றைக்கு வலி என்றால் முதுமை. எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர். கடைசியில் குழு கையை விரித்தது. கையை விரிக்கவே முடியாத என் மாமா மேல்முறையீடு செய்தார். மேலே தூக்க முடியாத கைக்கு மேல்முறையீடு! பெயர் வைத்தவர் பெரிய குறும்புக்காரராக இருக்க வேண்டும்.

தன்னுடைய முறையீடு நடந்துகொண்டிருக்கும்போதே மற்றவர்களுக்காகவும் மனு எழுத ஆரம்பித்தார். டயர் கடை மாடியில் ஓர் அறை. ஜன்னலைத் திறந்தால் எதிர்க்கட்டடச் சுவர் மூக்கை இடிக்கும். குழுவின் முன் போய் நிற்பதற்கு அங்கே ஒத்திகை நடக்கும். என் கணிதப் பெட்டிக் கோணமானியை வைத்துக் கை எவ்வளவு உயர்கிறது என்று மாமா அளப்பார். போலிக் குழுவின் தலைவர் யார்? அடியேன்தான்! என்னிடம் சிக்காமல் தப்பியவர் இந்த அவையில் ஒருவராவது உண்டா? எழுந்திருங்கள், பார்க்கலாம்!

சமையல்கார அண்ணன் முதல்முறை வந்த நாளை மறக்க முடியுமா? படைக்கு அண்டா அண்டாவாகச் சமைத்து, இரண்டு தோளையும் இழந்தவர். குரலைக் கனமாக்கிக்கொண்டு கேட்டேன்.

“எப்படி இருக்கீங்க?”

“நல்லா இருக்கேன் சார்!”

மாமா மேசையைத் தட்டினார். “போச்சு! உன் கேஸ் போச்சு! நல்லா இருக்கிறவனுக்கு எதுக்குய்யா உதவித்தொகை?”

“அதிகாரி கேட்டா வேற என்னண்ணே சொல்றது? வலிக்குதுன்னா சொல்ல முடியும்?”

“வலிக்குதுன்னு சொல்லத்தான்யா பஸ் ஏறிப் போறே!”

அதைவிடப் பெரிய பள்ளம் சல்யூட். குழு அறைக்குள் நுழைந்தால், எதிரே அதிகாரி. அவ்வளவுதான்! சீப்பைத் தலைக்குக் கொண்டுபோக முடியாத கை, விறைப்பாக நெற்றிக்குப் போய்விடும். டிரைவர் ஐயாவுக்குப் போனது. நர்ஸ் அக்காவுக்கும் போனது. ‘வலது கை தடையின்றி உயர்கிறது’ என்று அறிக்கையில் ஏறியது. சல்யூட் வைக்காவிட்டாலோ, மரியாதை தெரியாத ஆள் என்ற நினைப்பு இரவெல்லாம் தூங்கவிடாது. வைத்தால் வழக்கு போச்சு, வைக்காவிட்டால் மானம் போச்சு! இந்தப் பொறியிலிருந்து உங்களை விடுவித்தவர் யார்? “வலது கையில எதையாவது பிடிச்சுக்கிட்டு உள்ள போங்க, கையைக் கீழேயே வைங்க” என்று சொல்லிக் கொடுத்தவர் யார்? அண்ணன் டிபன் கேரியரோடு போனார், ஜெயித்தார். டிரைவர் ஐயா ஹெல்மெட்டோடு போனார், ஜெயித்தார்!

மாமா? குடையோடு போனார். வாசல்வரை வலது கையில் இருந்த குடை, வாசலில் தானாக இடது கைக்கு மாறிவிட்டது. ஒவ்வொரு முறையும்.

அத்தை கேட்டாள்: “ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கறீங்க. உங்க கையைக் கொஞ்ச நேரம் சும்மா வெச்சுக்க முடியாதா?”

“அது எங்கிட்ட கேட்டுக்கிட்டா போகுது? பேசாம இந்தச் சட்டையைக் கழட்டி விடு.”

சட்டையைக் கழற்றவும் மாட்டவும் அத்தைதான் வேண்டும். ஆனால் அத்தை மாட்டிவிட்ட சட்டை குழுவின் அறிக்கையில் இல்லை. சல்யூட் மட்டும்தான் இருக்கிறது.

இப்போது முறையீட்டை அத்தை தொடரலாம் என்கிறார்கள். மாமாவோடு தோளும் போய்விட்டது, இனிமேல் காகிதத்தை வைத்துத்தான் முடிவு. காகிதம் என்ன சொல்கிறது? ‘தடையின்றி உயர்கிறது.’ டாக்டர் ஐயா, நீங்கள் பொய் எழுதவில்லை. உயர்ந்தது உண்மைதான். இங்கே தீர்ப்புக் கேட்பதும் முறையில்லை, கேட்கவும் மாட்டேன். ஆனால் மாமாவின் பணி நிற்காது! அந்த மாடியறையை நாங்கள் பூட்ட மாட்டோம்! ஒத்திகை தொடரும்! அத்தையின் முறையீட்டைக் கடைசிவரை கொண்டுபோவோம். இது இந்தச் சங்கத்தின் சார்பில், எவராலும் ஏமாற்ற முடியாத குழுத் தலைவராகிய நான் தரும் உறுதி!

உறுதிமொழி கொடுத்தாயிற்று. உட்கார்ந்திருக்கலாம். ஆனால் வாசலில் நின்றவர்கள் எல்லோரும் பார்த்துவிட்டீர்கள், மறைத்துப் பயனில்லை.

இன்று டாக்டர் ஐயா காரிலிருந்து இறங்கியபோது, டிரைவர் ஐயா சட்டென்று இரண்டு தேநீர்க் கோப்பைகளை எடுத்துக்கொண்டார். அண்ணன் ஒரு நாற்காலியின் முதுகைக் கட்டிப்பிடித்தார். நர்ஸ் அக்கா கைப்பையை விடவே இல்லை. எல்லோரும் பாஸ்! உயர்ந்தது ஒரே ஒரு கைதான். குழுத் தலைவருடைய கை.

நான் எந்தப் படையில் இருந்தேன்? போன வாரம் பள்ளிக்கூட மணியை ஒரு பாடவேளை முன்னதாக அடித்துவிடலாம் என்று மதிலேறி விழுந்து, தோள்மூட்டு நழுவி, கையை மார்போடு சேர்த்துக் கட்டியிருக்கிறது. ஒத்திகையில் உங்களையெல்லாம் பார்த்துப் பார்த்தே பழகிய அந்தக் கை, கட்டை உருவிக்கொண்டு நெற்றிவரை போயிற்று. தடையில்லாமல்தான் போயிற்று.

டாக்டர் ஐயா, நீங்கள் சிரித்துக்கொண்டே, “தம்பி எந்த ரெஜிமெண்ட்?” என்று கேட்டீர்கள். நான் பதில் சொல்லவில்லை. திமிர் என்று நினைத்திருப்பீர்கள். இல்லை, ஐயா. வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன் போலிருந்தது. அப்படி வலித்தது.