இரண்டு இடுப்பு

அளவு எடுக்கும்போது மூச்சை உள்ளே இழுத்துக்கொள்ளாத ஆளை நான் அதிகம் பார்த்ததில்லை, சார். நீங்களும் இழுப்பீர்கள். இஞ்ச் டேப்பைக் கண்டாலே வயிறு தானாக உள்ளே போய்விடும். கவிநிலா மட்டும் இழுக்க மாட்டாள். கையைத் தூக்கிக்கொண்டு சுவரைப் பார்த்து நிற்பாள். "உள்ளத உள்ளபடி எடுங்க மேடம்" என்பாள்.

கார்குழலி, வயது நாற்பத்தாறு என்று எழுதிக்கொண்டீர்கள். வேலையையும் எழுதிக்கொள்ளுங்கள். லாஸ்பேட்டையில் ஒரு ஜிம்மில் பெண்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். காலையில் மைதானத்தில் ஓட்டக்காரப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறேன். கல்யாணம் ஆகவில்லை. நீங்கள் கேட்கவில்லைதான். ஆனால் ஊரில் எல்லோரும் முதலில் அதைத்தான் கேட்பார்கள், அதனால் சொல்லிவைத்தேன்.

உடம்பில் கொழுப்பு எத்தனை சதவீதம் என்று பார்க்கப் பெரிய மெஷின் எதுவும் வேண்டாம். பெண்களுக்கு உயரம், கழுத்து, அப்புறம் இடுப்பில் இரண்டு அளவு. போனில் போட்டால் கணக்கு வந்துவிடும். இடுப்பில் ஒன்று தொப்புளுக்குச் சற்று மேலே ஒடுங்கிய இடம். மற்றது கீழே, பின்புறம் அகன்ற இடம். இங்கிலீஷில் இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் இருக்கிறது. நமக்குக் குடத்தை வைக்கிறதும் இடுப்புதான், பாவாடை நாடா கட்டுகிறதும் இடுப்புதான். எங்கள் ஜிம் அட்டையில் 'இடுப்பு', 'இடுப்பு' என்று அடுத்தடுத்து இரண்டு கட்டம் அச்சடித்துவிட்டார்கள். உறுதிப்படுத்த இரண்டு தடவை எடுக்கச் சொல்கிறார்கள் என்று நினைத்தேன். இரண்டையும் கீழேயே எடுத்தேன். அது சத்தியமாகத் தெரியாமல் நடந்தது.

கவிநிலாவுக்கு முதல் கணக்கு இருபத்தொன்பதரை வந்தது. பத்தொன்பது வயசு, ஐயாயிரம் மீட்டர் ஓடுகிற பெண். "எனக்கு வாய்க்கொழுப்பு ஜாஸ்தின்னு எங்கம்மா திட்டுவாங்க. ஒடம்புலயுமா மேடம்?" என்று சிரித்தாள். மறுநாளே ராத்திரிச் சோற்றை விட்டுவிட்டாள்.

பெங்களூரில் ஒரு பயிற்சி முகாமுக்கு அவளைக் கூப்பிட்டிருந்தார்கள். இரண்டு வருஷம் அங்கேயே தங்கி ஓட வேண்டும். கொழுப்பு இருபத்திரண்டுக்கு வந்ததும் அனுப்புகிறேன் என்றேன். அந்த இருபத்திரண்டு யார் போட்டது என்று கேட்பீர்கள். நான் போட்டதுதான். முகாமில் அப்படி எதுவும் கேட்கவில்லை.

ஆறாவது வாரம், ஜிம்முக்கு வந்துபோகிற பிசியோதெரபிஸ்ட் வினோத்குமார் அட்டைகளைப் புரட்டிப் பார்த்தார். "இன்னா மேடம், ரெண்டு எடத்துலயும் ஒரே நம்பரு? ஒண்ணு தொப்புளாண்ட எடுக்கணும். ஓடுறவங்களுக்கு இந்தக் கணக்கே முன்னப்பின்னதான் வரும், இதுல இது வேறயா" என்றார். சரி பண்ணிவிடுகிறேன் என்றேன். பண்ணினேன். அந்த வாரமே முப்பது பேருக்கும் புதிதாக அளந்து எழுதினேன். எல்லோருக்கும் பத்து, பன்னிரண்டு குறைந்தது. ஒரு அம்மா ஜிம் முழுக்க மைசூர்பாகு கொடுத்தார்.

கவிநிலாவையும் சரியாகத்தான் அளந்தேன். பதினைந்து வந்தது. அவள் அட்டையில் மட்டும் பழையபடி இரண்டு கட்டத்திலும் கீழ் அளவையே எழுதி, அவளிடம் இருபத்தேழரை என்றேன்.

கோபத்திலோ பொறாமையிலோ சொன்னதில்லை. பதினைந்து என்றால் மறுநாள் பஸ் ஏறிவிடுவாள். இருபத்தேழரை என்றால் அடுத்த சனிக்கிழமையும் அளவு கொடுக்க வருவாள். நான் யோசித்தது அவ்வளவுதான். அவளுக்கென்று வெள்ளரிக்காய் நறுக்கி டப்பாவில் எடுத்துப்போவேன். பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு துண்டாகத் தின்பாள். எனக்கு அது போதுமாக இருந்தது.

அவள் அம்மா செல்வாம்பாள் ஒருநாள் வந்தாள். வேலை பார்த்த மில் மூடினதிலிருந்து நாலு வீட்டில் சமையல் செய்கிறவள். "பொண்ணு தேஞ்சி பூட்டா மேடம். முட்டைய சோத்துக்குள்ள ஒளிச்சி வச்சாக்கூட தடவிப் பாத்துத் தள்ளிட்றா. நீங்க ஒரு வார்த்த சொன்னா கேப்பா" என்றாள். நான் அட்டையைக் காட்டினேன். "நம்பரு போட்டிருக்குது, நமக்கு இன்னா தெரியும்" என்று கும்பிட்டுவிட்டுப் போனாள். அந்தக் கும்பிடு என்னை இரண்டு நாள் தூங்கவிடவில்லை. மூன்றாம் நாள் சனிக்கிழமை வந்துவிட்டது.

மூன்று மாதமாக மாதவிலக்கு வரவில்லை என்று கவிநிலா சொன்னாள். ஓடுகிற பெண்களுக்கு அப்படித்தான் என்றேன். நான் ஓடிய காலத்தில் எனக்கும் நின்றிருக்கிறது. அப்போது என் கோச் ஒரு மாதம் என்னை மைதானத்துக்குள் விடவில்லை. சாப்பிட்டுவிட்டு வா என்று விரட்டினார். ஆகவே எனக்குத் தெரியாது என்று நீங்கள் எழுத முடியாது.

கடைசிச் சனிக்கிழமை கீழே எழுபத்தெட்டு சென்டிமீட்டர், மேலே ஐம்பத்தேழு. போன் பதினொன்றரை என்றது. அவள் கையைக் கிள்ளிப் பார்த்தேன், தோல் மட்டும் வந்தது. "எவ்ளோ மேடம்?" என்றாள். "இருபத்திநாலு. இன்னும் ரெண்டுதான்" என்றேன். "ரெண்டுதானா" என்று என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

திங்கட்கிழமை காலை, நாலாவது ரவுண்டில் மைதானத்திலேயே உட்கார்ந்தாள். பிறகு படுத்துக்கொண்டாள். ஆட்டோவில் கோரிமேடு ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியெல்லாம் அவள் தலை என் மடியில்தான் இருந்தது. ஆஸ்பத்திரி வாசலை எட்டும்போது மூச்சு இல்லை.

அதற்கப்புறம் எனக்குப் பயமாக இருக்கிறது, சார். எந்த அம்மாவின் இடுப்பில் டேப்பைச் சுற்றினாலும் என் கட்டைவிரல் ஐம்பத்தேழில் போய் நிற்கிறது. அதற்கு மேல் நகர மாட்டேன் என்கிறது. நிமிர்ந்தால் கண்ணாடியில் இரண்டு கை தூக்கியபடியே இருக்கும். எதிரில் இருக்கிற அம்மா கையை எப்போதோ இறக்கியிருப்பார். ஜிம்மில் ஒரே ஒரு அட்டை மட்டும் திருத்தப்படாமல் இருந்ததை வினோத்குமார் பார்த்து உங்களிடம் கொண்டுவந்தாரே, அன்றைக்குத்தான் கொஞ்சம் தூங்கினேன்.

அச்சுப்பிழை, தெரியாமல் நடந்தது என்று சொல்லச் சொல்கிறார் வக்கீல். வேண்டாம். ஆறு வாரம் தெரியாமல். அடுத்த பதினெட்டு வாரம் தெரிந்தே. அவளைக் கொன்றது நான்தான். அப்படியே எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

பெங்களூருக்கு அனுப்பியிருந்தால் அந்தப் பெண் இன்றைக்கு உயிரோடு இருந்திருப்பாளே என்கிறீர்கள். இருந்திருப்பாள், சார். ஆனால் அங்கேதானே இருந்திருப்பாள்.