ஜும்மா நேரத்துப் பின்தாவல்

"ஹலோ... ஆமா, பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். மறுபடியும் விழுந்துட்ட... ஆமா, ஆமா, தெரியுது..."

கெங்குவார்பட்டியில் தன் வீட்டு மாடி அறையில், போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு வேல்விழி லேப்டாப்பை முறைத்தாள். அதில் தெரிந்தது, கம்பம் ஊரில் தன் வீட்டிலிருந்து அப்ரின் ஆடிக்கொண்டிருந்த ஆட்டம். கல்லூரித் தோழிகள் இருவரும் ஒரே அணி. ஒரு சாகச கேமை யார் சீக்கிரம் ஓடி முடிப்பது என்கிற ஸ்பீட்ரன் போட்டி. முதல் பாதியை வேல்விழி சற்றுமுன் லைவில் அழகாக முடித்துவிட்டாள். இடைவேளை முடிந்ததும் மறுபாதி அப்ரினுடையது. அதில்தான், இப்போது பழகும்போது அவள் விழுந்துகொண்டே இருந்த உடைந்த பாலம் இருந்தது.

"இல்லடி, கேளு. குட்டிக் குட்டியாத் தாவி வர்றேல்ல, கால் தரையத் தொட்ட உடனே அடுத்ததுக்கு அமுக்கணும். முந்தி அமுக்குனா கேம் எடுத்துக்காது. நின்னு அமுக்குனா சேத்து வச்ச வேகமெல்லாம் போச்சு... ஆமா, உனக்குத் தெரியும், நேத்து வரைக்கும் கண்ண மூடிக்கிட்டுப் போட்டவதான நீ... சரி, ஓரத்துல முதுகத் திருப்பிப் பின்னாலயே தாவுறது நல்லாத்தான் இருக்கு. பின்னால தாவுனா வேகத்துக்கு வரம்பே இல்ல, ஒத்துக்கிறேன். மொதல்ல வேகம் வேணும்ல..."

அந்தப் பின்தாவல் வேல்விழி கண்டுபிடித்தது. மற்றவர்கள் எல்லோரும் குகைக்குள் இறங்கி, சுற்றி ஏறி வருகிற இடத்தை இவள் ஒரே தாவலில் கடக்க வழி கண்டிருந்தாள். பிரேசிலில் ஒருவனும் அதைக் கண்டுபிடித்துவிட்டான், இன்று சாயங்காலம் அவன் முறை. லைவில் முதலில் செய்து காட்டுகிறவர் வைக்கிற பெயர்தான் நிலைக்கும் என்பது இந்த ஆட்டக்காரர்களின் வழக்கம். கெங்குவார்பட்டி ஜம்ப் என்று வேல்விழி முதல் நாளே முடிவுகட்டி, ஊரெல்லாம் சொல்லியும் வைத்திருந்தாள். என்னவென்று புரியாமலே பாதி ஊர் அதற்காகக் காத்திருந்தது.

"விழுந்துட்ட... இல்ல, நான் கத்தல... கத்தலடி... சரி, கத்துறேன். பின்ன கொஞ்சவா செய்வாக? மாசக்கணக்காப் பழகிட்டு, இன்னைக்குப் போயி குகை வழியாப் போறேங்கிற. அந்தாளு சாயங்காலம் தாவிருவான். அப்புறம் அது வாயில நுழையாத ஒரு பேரோட கெடக்கும்... கை வலிக்குதா?... பட்டன் ஒட்டுதா?... அப்புறம் என்னதான்டி, சீக்கிரம் சொல்லு, இப்பக் கூப்பிட்ருவாக... என்னது, வீடு ரொம்ப அமைதியா இருக்கா? அமைதியா இருந்தா நல்லதுதான..."

வேல்விழி சட்டென்று நிறுத்தினாள். இத்தனை நாள் பயிற்சியிலும் அப்ரின் குரலுக்குப் பின்னால் ஒரு சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். பக்கத்து மாவு மில்லின் பெல்ட்டில் தையல் போட்ட இடம் சக்கரத்தில் ஏறும்போதெல்லாம் ஒரு டக். ஜன்னலைச் சாத்தித் தொலை என்று எத்தனையோ தடவை சிடுசிடுத்திருக்கிறாள்.

"அப்ரின்... நீ எத வச்சுடி பட்டன அமுக்குன? தரையப் பாத்தா, மில்லுச் சத்தத்தக் கேட்டா?... ஒவ்வொரு டக்குக்கும் ஒரு தாவலா... தெரியாமயே பழகிருச்சா. இத இப்ப வந்து சொல்லு. போயி ஜலீல் பாய மில்ல ஓட்டச் சொல்லு... ஆமா. ஆமா, வெள்ளிக்கிழமை. ஜும்மாத் தொழுகைக்குப் போயிருப்பாக... நாந்தான்டி. நாந்தான் இந்த நேரத்தக் கேட்டு வாங்குனேன்."

எந்த நேரம் வேண்டும் என்று போட்டிக்காரர்கள் கேட்டபோது, மில் மூடியிருக்கும், மைக்கில் இரைச்சல் வராது என்று கணக்குப் போட்டு அவள்தான் ஜும்மா நேரத்தைப் பிடித்தாள். அந்தச் சாமர்த்தியத்தை நினைக்க இப்போது சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

"நான் இங்கன இருந்து தட்டட்டா?... ஆமா, போன்ல பிந்தித்தான் வரும். பழைய வீடியோவுல அந்தச் சத்தம் இருக்குமே... ஆமா, பழகுறப்ப மைக்க அணைக்கச் சொன்னதும் நாந்தான். எல்லாம் நாந்தான், போதுமா... வீட்ல யாரு இருக்கா? அம்மாட்டக் குடு. பிரியாணிக்குத் தம் போட்டுக்கிட்டு இருந்தா என்ன, குடுடி..."

"அம்மா, வேல்விழிம்மா. நல்லாருக்கேன்... இல்லம்மா, இனிமேத்தான் சாப்பிடணும்... அம்மா, பக்கத்து மில்லு எப்பிடி அடிக்கும்னு தெரியும்ல... கல்யாணமாகி வந்த நாள்ல இருந்தா... அதே மாதிரி அவ பக்கத்துல உக்காந்து எதுலயாச்சும் அடிச்சுக்கிட்டே இருங்கம்மா... ஏன்னு கேக்காதீக, பெறகு சொல்றேன்... ஆமா, அதேதான். நிப்பாட்டிராதீக."

காய் நறுக்கும் கட்டையில் அப்ரினின் அம்மா ஜெய்த்தூன் பீவி கரண்டிக் காம்பால் அடிக்கும் சத்தம் போனில் வந்தது. மில்லே திறந்துவிட்டது போல இருந்தது. திரையில் அந்தச் சின்ன உருவம் தாவித் தாவி வந்து, ஓரத்தில் முதுகைத் திருப்பி, பறந்து அக்கரையில் போய் இறங்கியது.

"பாத்தேன்... பாத்தேன்டி. இன்னொரு தடவ... ஐயோ, இப்ப ஏன் விழுந்த? அம்மா வேகமா அடிச்சுட்டாகளா? அவுக மேல பழியப் போடாத... என்ன, கூப்பிட்டாகளா?... ஆமா, சத்தம் மைக்குல கேக்கத்தான் செய்யும். கேட்டாக் கேக்கட்டும்... சரி, போன வையி... இரு, இரு, ஒண்ணு சொல்லணும். பேரு இல்லடி, அது உனக்கு ஞாபகம் இருக்கும்... அப்ரின், விழுந்தா விழுந்துட்டுப் போ. குகை வழியாவே வா. பேரு போனாப் போகுது. நீ இல்லாட்டி இதக் கண்டுபிடிச்சு நான் யாருக்குடி காட்டிருப்பேன்... கேக்குதா?"

போனை எடுத்துப் பார்த்தாள். லைன் எப்போதோ கட்டாகியிருந்தது. திட்டியதெல்லாம் ஒன்று விடாமல் போய்ச் சேர்ந்திருக்க, இது மட்டும் சேரவில்லை.

கொஞ்ச நேரத்தில் லைவில் கட்டைச் சத்தம் கேட்டது. சின்ன உருவம் ஓடி வந்து, முதுகைத் திருப்பி, ஒரே தாவலில் பாலத்தைக் கடந்து நின்றது. வேல்விழிக்குக் கண் கலங்கிவிட்டது. இனி அதைச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. ஆனாலும், சொன்னது கேட்காமல் போயிற்றே என்றுதான் அவளுக்கு ஆறவில்லை.